பாயோடு ஒட்டிய பயம்

மட்டக்களப்புக்கு உத்தியோகம் பார்க்கப் போகும் யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு ஒருகாலத்தில் வீட்டார் சொல்லியனுப்பிய எச்சரிக்கை இது: கவனம், பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள். வாவிக் கரைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியை மணந்து தங்கிவிட்டால், மருந்து போட்டுவிட்டாள், வசியம் செய்துவிட்டாள் என்பதே ஊரில் விளக்கமாக இருந்தது. உண்மையான காரணம் எளியது. மட்டக்களப்புத் தேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபோவான். வெளியூரான் அங்கே மணந்தால் அங்கேயே தங்குவது அந்த மண்ணின் இயல்பான ஒழுங்கு. என்றாலும் அந்தப் பேச்சில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஒரு வளர்ந்த ஆண், இவளோடு இருப்பது எனக்கு இன்பமாக இருக்கிறது, அதனால் தங்கினேன் என்று சொல்வதற்கு அதில் இடமே இல்லை. அவன் விருப்பம் அவனுடையதாகக் கருதப்படவில்லை. அது, ஒரு பெண் அவன் சோற்றில் கலந்த மருந்தாகவே கருதப்பட்டது. ஆணின் இன்பம் ஒரு சூனியமாகவும் ஆபத்தாகவும் விளக்கப்பட்டதே தவிர, அறியத்தக்க ஒரு பொருளாகப் பேசப்படவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வாழும் வயதுவந்த ஓர் ஆணிடம் பாலியல் பற்றிப் பேசும் குரல்களை எண்ணிப் பார்க்கலாம். பரிகாரி தாது நட்டத்தைப் பேசுகிறார். வைத்தியசாலை பால்வினை நோயைப் பேசுகிறது. குடும்பத் திட்டம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பேசுகிறது. சட்டம் ஆண்மையின்மையைப் பேசுகிறது. இரவு நேர விளம்பரம் இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பயமுறுத்தி லேகியம் விற்கிறது. எல்லாக் குரலிலும் இழப்பு, நோய், குறை ஆகிய மூன்றுமே உள்ளன. நன்றாக இருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஆணின் பாலியல் நலம் பற்றிய கல்வி வளர்ந்தவர்களுக்குத் தேவை என்பதும், அது இன்பத்தைப் பற்றிய தெளிவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். இன்பத்தை விட்டுவிட்டு நோயை மட்டும் கற்பித்தால் கற்பவனிடம் மிஞ்சுவது பயம். அந்தப் பயமே அவன் வருத்தங்களில் ஒரு பெரும் பங்குக்குக் காரணமாகிறது.

முதலில் சொல் பற்றிப் பேச வேண்டும். இலங்கைத் தமிழில் கெட்ட வார்த்தைக்குத் தூஷணம் என்று பெயர். பாலுறுப்புகளுக்கும் புணர்ச்சிக்கும் நாளாந்தப் பேச்சில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை தூஷணமாகவே இருக்கின்றன. மறுபுறம் பாடநூலின் சொற்கள் இருக்கின்றன: இனப்பெருக்கத் தொகுதி, சுக்கிலம், விறைப்பு. முதல் வகையை வைத்தியரிடம் சொல்ல முடியாது; இரண்டாம் வகை மனைவியிடம் பேச வராது. அதனால் கிளினிக்குக்கு வரும் ஆண் நரம்புத் தளர்ச்சி என்கிறார், உடம்புச் சூடு என்கிறார், இடுப்பு உளைவு, களைப்பு என்கிறார். கேட்கத் தெரிந்த வைத்தியருக்கு மட்டுமே அதன் பின்னாலுள்ள கேள்வி புலப்படும். இது தொன்றுதொட்டு வந்த மௌனம் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து கொம்புகளைக் கோத்து இழுக்கும். கட்சிகள் ஒன்றையொன்று பாடும் வசையில் உடலைப் பற்றிய கேலி தாராளமாக இருந்தது. இதன் சிங்கள இணையான அங்கெலியவை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, சிங்களவர் கண்ணகியைப் பத்தினி என்று வணங்கும் வழிபாடு பற்றிய தமது 1984ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்து, அந்தச் சடங்குக்குள் ஆண்மை இழப்பு பற்றிய அச்சம் உறைந்திருப்பதாகக் கண்டார். வாவிக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் பாடிய நாட்டார் கவிகளிலும் ஆசை மூடி மறைக்கப்படவில்லை. ஆகவே பேச்சு இருந்திருக்கிறது. ஆனால் அது கேலியும் ஏக்கமுமாக இருந்தது; உடம்பு எப்படி இயங்குகிறது என்ற அறிவை அது தரவில்லை. பழமையில் எல்லாம் இருந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள இது போதாது.

அறிவு இல்லாத இடத்தை நிரப்பியிருப்பது விந்து பற்றிய ஒரு கணக்கு. உண்ட உணவு சாரமாகி, சாரம் செந்நீராகி, பின் ஊன், கொழுப்பு, என்பு, மூளை எனப் படியேறி ஏழாவதாகச் சுக்கிலமாகிறது என்பது சித்த மருத்துவத்தின் உடற்தாதுக் கொள்கை. ஆயுர்வேதமும் இதை ஒட்டியே பேசுகிறது. கடைசிப் படியில் கிடைப்பதால் அது அரியது, அரியதை இழந்தால் உடம்பே தேயும் என்பது மக்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள். ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி இரத்தம், அறுபது துளி, நூறு துளி என்று எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். அக்கரைப்பற்றில் தங்கிக் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் பாலாற்றல் பற்றியும் கருவளம் பற்றியும் கொண்டிருந்த கருத்துகளை 1982இல் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். மதத்தால் வேறான இரு சமூகங்களும் இரத்தம், விந்து, சூடு, குளிர்ச்சி பற்றிய எண்ணங்களில் பெரிதும் ஒன்றுபட்டிருந்தன என்பது அதிலிருந்து தெரிகிறது. கோவிலாலும் பள்ளிவாசலாலும் பிரிந்தவர்கள் இந்தப் பயத்தில் ஒன்றாகவே இருந்திருக்கிறார்கள். பெண்பிள்ளை பெரியவளானால் தண்ணீர் வார்த்து ஊரறியச் சடங்கு செய்யும் குடும்பத்தில், பையனுக்கு முதல்முறை தூக்கத்தில் விந்து வெளியாகும்போது அவன் கட்டியிருந்த சாரத்தைத் தானே ஒளித்துத் துவைத்துக்கொள்கிறான். அது நோயா, பாவமா, பலவீனமா என்ற கேள்விக்கு அவனுக்குக் கிடைக்கும் முதல் விடை பெரும்பாலும் ஒரு லேகியக் கடைத் துண்டுப் பிரசுரத்திலிருந்துதான் வருகிறது. நாற்பது வயதிலும் அந்த விடையையே அவன் வைத்திருக்கிறான். வளர்ந்தோர் கல்வி என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்தப் பயத்துக்கு உளமருத்துவத்தில் பெயர் உண்டு. இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960இல் இதைத் தாத் நோய்க்குறி என்று அழைத்தார். சிறுநீரோடு விந்து போகிறது, கைப்பழக்கத்தால் உடம்பு கெட்டுவிட்டது என்ற நம்பிக்கையும், அதனோடு சேர்ந்த சோர்வு, பதற்றம், விறைப்புக் குறைவு முதலியனவும் இதன் அடையாளங்கள். இலங்கையில் பத்மால் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989இல் இத்தகைய நோயாளரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். பின்னர் 2004இல் அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன, தினேஷ் புக்ரா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை ஒரு முக்கியமான திருத்தத்தைச் செய்தது. இது தெற்காசியாவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே பயத்தில் நடுங்கியிருக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். சுவிற்சர்லாந்து வைத்தியர் தீசோ 1760இல் வெளியிட்ட சுயஇன்பம் பற்றிய நூல், ஓர் அவுன்சு விந்தை இழப்பது நாற்பது அவுன்சு குருதியை இழப்பதைவிடக் கேடு என்று எழுதியது. நம்மூர்த் திண்ணைக் கணக்கின் அதே நாற்பது! ஐரோப்பா அந்தப் பயத்தைக் கழற்றிவைத்தது அங்கே ஒழுக்கம் குலைந்ததால் அல்ல. உடற்றொழிலியல் வளர்ந்ததால், வளர்ந்ததை மக்களுக்கு எடுத்துச் சொன்னதால். அந்த இரண்டாவது வேலை தமிழில் மிகக் குறைவாகவே நடந்திருக்கிறது.

சொல்ல வேண்டியது மிகக் கடினமானதும் அல்ல. இரத்தம் விந்தாக மாறுவதில்லை. ஒருமுறை வெளியாகும் விந்து ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிலீற்றர். பெரும்பகுதி நீர், மீதி கொஞ்சம் பழச்சீனி, புரதம், துத்தநாகம், உப்புகள். அதிலுள்ள புரதத்தைக் கணக்கிட்டால் ஒரு கோழிமுட்டையிலுள்ள புரதம் ஏறக்குறைய நாற்பது முறைக்குப் போதும். நாற்பது என்ற அந்த எண்ணை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். விந்தணுக்கள் நாளுக்குப் பத்துக் கோடி அளவில் ஓயாமல் உண்டாகின்றன; ஓர் அணு முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது; வெளியேறாதவற்றை உடல் தானே உறிஞ்சிக்கொள்கிறது. சேமித்து வைத்தால் பெருகும் வைப்பும் இல்லை, செலவழித்தால் வற்றும் ஊற்றும் இல்லை. காலையில் சிறுநீர் கலங்கலாகப் போவது பெரும்பாலும் பொசுபேற்று உப்புகளால். சுயஇன்பத்தால் நரம்பு தளராது, முகம் வற்றாது, பிள்ளை இல்லாமல் போகாது. அமெரிக்காவில் 31,925 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், அடிக்கடி விந்து வெளியேற்றியவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. அவதானிப்பு ஆய்வு என்பதால் அதைப் பாதுகாப்பு மருந்தாகப் பரிந்துரைக்க முடியாது. இழப்பு உடலைக் கெடுக்கும் என்ற எண்ணத்துக்கு அது எதிராக நிற்கிறது என்பதே இங்கே போதுமானது.

பயம் எப்படி நோயாகிறது என்பதையும் விளக்கியாக வேண்டும், ஏனெனில் அங்கேதான் கல்வி மருந்தாக வேலை செய்கிறது. விறைப்பு என்பது தசையை இறுக்குவதால் வருவதல்ல. ஆண்குறியின் இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த மெல்லிய தசைகள் தளர்வதால், குருதி பாய்ந்து நிரம்புவதால் வருவது. உடல் ஆறுதலாக இருக்கும்போது இயங்கும் நரம்புகள் அதை நடத்துகின்றன. பயந்தாலோ வெட்கினாலோ பரீட்சை எழுதுவதுபோல் பதறினாலோ எதிர் நரம்புகள் வேலை தொடங்கி அதே தசைகளை இறுக்குகின்றன. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜோன்சன் இணையர் 1970இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாக விளக்கினார்கள்: தோற்றுவிடுவேனோ என்று அஞ்சும் ஆண் தன் உடலைத் தானே வெளியே நின்று பார்க்கும் பார்வையாளன் ஆகிறான், பார்க்கத் தொடங்கியதும் உணர்வு அறுந்துபோகிறது. சிறுவயதுப் பழக்கத்தால் எல்லாம் போய்விட்டது என்று நம்பும் மாப்பிள்ளை மணவறைக்குள் போகிறான். மட்டக்களப்பில் அது பெரும்பாலும் மனைவியின் வீடு. மாமனார் மாமியார் அடுத்த அறையில் இருக்கிறார்கள். முதல் இரவிலேயே மருட்சியில் விறைப்பு வராமல் போகிறது. அது நம்பிக்கைக்குச் சான்றாகிவிடுகிறது. அதிகாலையில் தானாகவே வரும் விறைப்பு, நரம்பும் குழாயும் நன்றாக இருக்கின்றன என்பதைக் காட்டும் என்ற ஒரு வரித் தகவல் அவனுக்குத் தெரிந்திருந்தால், மாதக்கணக்கில் பரிகாரி வீடு தேடி அலைய வேண்டியிருந்திராது. மாஸ்டர்ஸ், ஜோன்சன் வகுத்த சிகிச்சையும் அடிப்படையில் இன்பத்தின் கல்விதான்: புணர்ச்சியைச் சில வாரங்கள் ஒத்திவைத்துவிட்டு, கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் தொட்டு எது இதமாக இருக்கிறது என்று சொல்லிப் பழகுவது. வெல்லவோ தோற்கவோ எதுவும் இல்லாதபோது உடல் தானாக வழிக்கு வருகிறது.

அளவும் நேரமும் ஆண்களை வதைக்கும் மற்ற இரண்டு கவலைகள். கைத்தொலைபேசியில் வரும் ஆபாசப் படங்கள் இன்று இவற்றுக்கு ஆசானாகிவிட்டன. தெரிவுசெய்யப்பட்ட உடல்கள், வெட்டி ஒட்டிய காட்சிகள், இடையில் எடுத்த ஓய்வைக் காட்டாத நேரங்கள். 2015இல் 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்த ஆய்வு, விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 சென்றிமீற்றர் என்றது. ஐந்து நாடுகளில் 500 இணையரிடம் நேரக்கடிகாரம் கொடுத்து அளந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், உட்புகுந்ததிலிருந்து விந்து வெளியாகும் வரையான நேரத்தின் நடு அளவு 5.4 நிமிடம். அரை மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு தன்னை நோயாளி என்று தீர்மானித்த எத்தனையோ பேருக்கு இந்த எண்ணே ஆறுதலாகும். உண்மையிலேயே முந்திவிடுகிறவருக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் செமன்ஸ் 1956இல் விவரித்த, நெருங்கியதும் நிறுத்தி, உணர்வு தணிந்ததும் மீண்டும் தொடங்கும் பயிற்சி, மனைவி உடனிருந்து உதவினால் சில வாரங்களில் பலன் தரக்கூடியது. இடுப்படித் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியும் அப்படியே. இவற்றைவிட முக்கியமான ஒன்று: பெண்ணின் உச்சம் ஆணின் நிமிடங்களில் தங்கியிருப்பது மிகக் குறைவு. அமெரிக்கப் பெண்கள் 1,055 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், உட்புணர்ச்சி மட்டுமே போதும் என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலோருக்குப் பெண்குறி முனையின் தொடுகை தேவையாகவோ உதவியாகவோ இருந்தது. இதை அறிந்த ஆணுக்குத் தன் தோளில் ஏற்றிவைத்திருந்த சுமை பாதியாகக் குறையும், மனைவிக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்கும். ஐம்பதைக் கடந்தவருக்கு நினைப்பு மட்டும் போதாமல் நேரடித் தொடுகை வேண்டியிருப்பது இயல்பு என்பதையும், ஒருமுறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி நீள்வது வயதின் நடைமுறை என்பதையும் யாராவது சொல்லியிருந்தால், எத்தனையோ வீடுகளில் பாய்கள் பிரிந்திருக்காது.

பயத்தை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. உண்மையான நோயைக் கண்டுபிடிக்கவும் இதே கல்விதான் வேண்டும். ஆண்குறிக்குள் ஓடும் நாடிகள் இதயத்தின் நாடிகளைவிட ஒடுங்கியவை. கொழுப்பும் சீனியும் புகையும் குழாய்களைக் கெடுக்கத் தொடங்கினால் முதலில் விறைப்பில் தெரியும்; மாரடைப்பு சில ஆண்டுகள் கழித்தே வரும். பொஸ்டன் பகுதியில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வு, ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைவு பாதிப்பேருக்கு மேல் இருப்பதைக் காட்டியது. இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்துக்கு ஒருவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாக 2008இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. போரினால் வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. வாவியில் இரவு முழுக்க வலைபோட்டு, பீடி புகைத்து, கரையேறியதும் சாராயம் தேடும் ஒரு மீனவர் விறைப்புக் குறைவைக் கண்டால், இறாலும் நண்டும் முருங்கையும் கூடச் சாப்பிட்டுப் பார்ப்பார், பின்பு லேகியம் வாங்குவார். அந்த லேகியத்தின் ரகசியம் பல நேரங்களில் அதனுள் ஒளித்துக் கலந்த சில்டெனாபில்தான் என்பதை உலகெங்கும் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகராவின் மருந்துப் பொருள் அது; வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்து. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கும் ஒருவர் அதை அறியாமல் விழுங்கினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். சீனியும் பிரஷரும் பார்க்கச் சொல்லி அரசு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே பெண்கள் வருகிறார்கள், ஆண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்பது நாடெங்கும் உள்ள குறை. தன் இன்பத்துக்கும் அந்தச் சோதனைக்கும் உள்ள தொடர்பை ஓர் ஆண் அறிந்தால் அந்த வாசலைத் தேடி வருவார். கொழுப்பின் அளவைப் பற்றிய எச்சரிக்கை சாதிக்காததை இது சாதிக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

அரசும் சட்டமும் இதுவரை ஆணை எப்படிப் பார்த்திருக்கின்றன என்பதும் இக்கேள்வியின் பகுதி. திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் மணமுறிவுக்கு மூன்று காரணங்கள்: பிறன்மனை உறவு, வஞ்சமாகக் கைவிடல், மணம் செய்தபோதே இருந்த தீராத ஆண்மையின்மை. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றத்தில் மனைவி கேட்கும் பஸஹ் என்ற மணமுறிவு உண்டு. ஷாபி மத்ஹபின்படி விறைப்பில்லாத கணவனுக்கு ஓராண்டு அவகாசம் தரப்படும். அந்த ஓராண்டு அவகாசம் நல்ல மனத்தோடு வகுத்த ஏற்பாடு. அந்த ஓராண்டில் அவன் யாரிடம் போக வேண்டும் என்பதற்குத்தான் விடை இல்லை. இன்னொரு பக்கத்தில் இந்த நாட்டுக்கு ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1973இல் ஆணுறையைச் சந்தையில் இறக்கியபோது அதற்கு இட்ட பெயர் பிரீதி. சிங்களத்திலும் தமிழிலும் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல். நோயையும் பிள்ளைத் தொகையையும் சொல்லாமல் இன்பத்தின் பெயரால் கடைக்கடையாக அதை விற்றார்கள், நாடும் வாங்கியது. குடும்ப நலப் பணியகம் புதுமணத் தம்பதியருக்கென வகுத்த முன்கருவுறு பராமரிப்புத் திட்டம் இப்போது மருத்துவமாது வழியாக ஒவ்வொரு கிராமத்தையும் எட்டுகிறது. கணவனையும் அழைக்கும் திட்டம் அது. போலிக்கமிலம், ருபெல்லா, எடை, குருதிச் சோதனை எல்லாம் பேசப்படும் அந்த அமர்வில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் புதிய அமைப்பு எதுவும் தேவைப்படாது. பகலில் மருத்துவமாது வீடு வரும்போது கணவன் வாவியிலோ வயலிலோ இருப்பான் என்பதால், ஆண்களுக்கான அமர்வைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மீனவர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் மாலையில் நடத்துவது நடைமுறைக்கு ஏற்றது.

எதிர்ப்புகளில் மிகக் கனமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆணின் இன்பத்துக்கு என்ன குறை, பெண்ணல்லவா துன்பப்படுகிறாள் என்ற கேள்வி அது. அதற்கு ஆதாரமும் உண்டு. மட்டக்களப்பு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் நடந்து 2013இல் வெளியான ஆண்மை பற்றிய ஆய்வில், வல்லுறவு செய்ததாக ஒப்புக்கொண்ட ஆண்கள் அதிகமாகச் சொன்ன காரணம், அது தமக்கு உரிமை என்ற எண்ணம். 2019இல் நடந்த பெண்கள் நலன் ஆய்வு, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணையிடமிருந்து உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறையை அனுபவித்ததாகச் சொல்கிறது. நீதிமன்றம் பிரித்து வைத்த மனைவியைத் தவிர, மனைவியின் சம்மதமில்லாப் புணர்ச்சியை இலங்கைத் தண்டனைச் சட்டம் இன்னும் வல்லுறவாகக் கொள்வதில்லை. இந்த உண்மைகளை வைத்துக்கொண்டு ஆணின் இன்பத்தைப் பேசுவது சரியா? இவற்றை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது என் கருத்து. உரிமை என்று எண்ணுகிறவன் இன்பம் பற்றிக் கற்றவன் அல்லன்; இறக்கிவைக்க வேண்டிய ஓர் அழுத்தமாக, நிரூபிக்க வேண்டிய ஆண்மையாக அதைக் கற்றவன். மனைவிக்கு விருப்பமா, அவளுக்கு எது இதம் என்று கேட்கும் பழக்கம் இன்பக் கல்வியின் முதற்பாடமாக இருக்க வேண்டும். சம்மதத்தைச் சட்டப் பிரிவாக மட்டும் கற்பிப்பதைவிட அது ஆழமாகப் பதியும். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட பாலியல் நல வரையறையும் இன்பத்தையும் வற்புறுத்தலின்மையையும் ஒரே வாக்கியத்தில்தான் வைக்கிறது. சட்டம் திருந்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. திருந்தும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது இது.

பண்பாட்டின் பெயரால் வரும் எதிர்ப்பு சத்தம் கூடியது, வலு குறைந்தது. திருக்குறளின் மூன்றில் ஒரு பால் இன்பம், 25 அதிகாரங்கள். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் வாஜீகரணம் ஒன்று. ஆணின் பாலாற்றலையும் மக்கட்பேற்றையும் வெட்கமின்றி ஆராயும் பிரிவு அது. ஆகவே சித்த, ஆயுர்வேத வைத்தியர்களை எதிரிகளாக்க வேண்டியதில்லை. கிழக்கில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்கப்படுகிறது. அவர்கள் தாது நட்டப் பயத்தை விற்பவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்டினால் ஊரில் வேறு யாரையும்விட விரைவாக நம்பப்படுவார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மதிக்கப்படும் இமாம் கஸ்ஸாலி, இஹ்யா என்ற தம் நூலில் திருமண ஒழுக்கங்களை எழுதும்போது, கணவன் தன் தேவை முடிந்ததும் எழுந்துவிடாமல் மனைவியின் நிறைவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மார்க்க அறிஞர் எழுதியதை இன்று ஒரு நிக்காஹ் வழிகாட்டல் வகுப்பில் சொல்ல வெட்கப்படக் காரணமில்லை. தமிழில் பேச முடியாது என்பதற்கும் மறுப்பு இருக்கிறது. சென்னை உளமருத்துவர் மாத்ருபூதம், 2004இல் மறைவதற்கு முன், புதிரா புனிதமா நிகழ்ச்சியில் தொலைக்காட்சி வழியாக இவற்றையெல்லாம் சிரித்த முகத்தோடு விளக்கினார். தமிழ்ப் பண்பாடு அதனால் அழிந்துவிடவில்லை. ஏழாம் ஆண்டு மாணவருக்கென உருவான ஹதே அபே பொத என்ற நூல் எதிர்ப்பால் முடங்கியதைச் சிலர் எச்சரிக்கையாகக் காட்டுகிறார்கள். அது பிள்ளைகளைப் பற்றிய விவாதம். மணமான, மணமாகப்போகும் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதை அந்த வாதத்தால் தடுக்க முடியாது. பெற்றோர் தெளிவடைந்தால் பிள்ளைகளைப் பற்றிய விவாதமும் நிதானமாகும்.

இன்பத்தைக் கற்பித்தால் ஆண்கள் நெறி தவறுவார்கள் என்ற அச்சத்துக்குச் சான்று எதிர்த்திசையில் இருக்கிறது. இன்பத்தையும் சேர்த்துக்கொண்ட 33 பாலியல் நலத் திட்டங்களைத் திரட்டி 2022இல் வெளியான மீளாய்வு, அத்தகைய திட்டங்கள் ஆணுறைப் பயன்பாட்டைக் கூட்டியதைக் காட்டியது. தன் உடலை மதிக்கக் கற்றவர் அதைப் பாதுகாக்கவும் கற்கிறார் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். போரும் சுனாமியும் வறுமையும் கண்ட மண்ணில் இதற்கு என்ன அவசரம் என்று கேட்பவருக்கு, அந்த வரலாறே அவசரத்துக்குக் காரணம் என்பேன். முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தோல் இருக்கிறது, உதடு இருக்கிறது, துணையோடு நெருங்கி வாழும் வழிகள் மருத்துவத்தில் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. மனைவி மத்திய கிழக்கில் வேலைக்குப் போன வீடுகளில் ஆண்டுக்கணக்காகத் தனித்திருக்கும் கணவனுக்கு, சுயஇன்பம் கேடில்லை என்ற ஒரு சொல் எத்தனையோ தவறுகளையும் தொற்றுகளையும் தவிர்க்கும். ஆண்மீது ஆசை கொள்ளும் ஆண்களும் இந்த வாவிக் கரையில் வாழ்கிறார்கள். 1883இன் தண்டனைச் சட்டம், அவர்கள் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளால் அவர்களைக் கிளினிக்கிலிருந்து விரட்டி வைத்திருக்கிறது. அந்தக் குற்றத்தை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரண்படாது என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தும் அது இன்னும் சட்டமாகவில்லை. அவர்களை விட்டுவிட்டு ஆண்களின் பாலியல் நலம் என்று ஒன்றைப் பேச முடியாது.

தொடங்குவதற்கு ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தின் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். நித்திரை எப்படி, மூச்சு எப்படி என்று கேட்பதன் வரிசையில், கணவன் மனைவி உறவு எப்படி, விறைப்பில் மாற்றம் உண்டா, அதில் சந்தோஷம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்பவருக்குத் தூஷணமும் இல்லாத, பாடநூலும் இல்லாத ஒரு மொழி வேண்டும். அந்தச் சொற்களைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் ஊரின் கவிஞர்களும் உட்கார்ந்து தெரிவுசெய்யலாம். ஆண் சொல்லத் தயங்கினால் அடுத்த மாதம் மீண்டும் கேட்க வேண்டும். அவர் மனைவியோடு வந்திருந்தால், இருவருக்கும் கதிரை போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டும்.